நிருபரின் சம்பளத்தை இனி யார் கொடுப்பது?

மைக்கூடு (இழையைத் தொடங்கியவர்)

ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு கணக்கு வந்தது. அமெரிக்காவில் சமூக வலைத்தளங்கள், வீடியோ தளங்கள் வழியாகச் செய்தி அறிகிறவர்கள் 54 சதவீதம். தொலைக்காட்சி வழியாக 50. செய்தி நிறுவனங்களின் இணையதளம், செயலி வழியாக 48. அங்கே தொலைக்காட்சி இப்படிப் பின்தங்கியது இதுவே முதல் முறை. உடனே இரண்டு கூட்டம் கிளம்பிவிட்டது. பழைய ஊடகம் சாய்கிறது என்றதும் ஒன்று "ஒழிந்தது சனியன்" என்று கொண்டாடுகிறது, மற்றொன்று ஒப்பாரி வைக்கிறது.

எனக்கு இரண்டிலும் ஒட்டவில்லை. கருத்துச் சொல்ல ஆளுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஓர் அமைச்சர் தும்மினால் ஏன் தும்மினார், யாரைப் பார்த்துத் தும்மினார் என்று விளக்க நூறு பேர் ஒலிவாங்கியுடன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் யாருக்கும் ஆர்வமில்லாத ஒரு நகர்மன்றக் கூட்டத்தில், குப்பை அள்ளும் ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கும் வரை நாற்காலியை விட்டு எழாமல் இருப்பவர் யார்? ஒரு சாதாரண வழக்கு மறுபடியும் ஒத்திவைக்கப்படும் நாளில் நீதிமன்றத்தின் பின்வரிசையில் இருப்பவர் யார்? முன்பு அது நிருபராக இருந்தது. அந்த நாற்காலிக்கு யூடியூப் போன்ற மாற்று ஊடகம் யாரையும் அனுப்பியதாக எனக்குத் தெரியவில்லை. மறுப்பவர்கள் வாருங்கள்.

திறந்தவாசல்

மறுக்கத்தான் வந்தேன். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் பழைய பத்திரிகைகள் ஏதோ அரிச்சந்திரன் பரம்பரை என்பது போல ஒரு தொனி வந்துவிடுகிறது.

ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று முதல் பக்கத்தில் எழுதியவர்கள் யார்? யூடியூப்காரர்களா? அப்போது யூடியூப் பிறக்கவே இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2004 மே மாதம் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு வெளியிட்டு, அந்தச் செய்திகளில் சில போதிய கண்டிப்புடன் எழுதப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. போர் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. குண்டு விழுந்த வீட்டுக்கு அந்தக் குறிப்பால் என்ன பயன்?

1998 ஜனவரியில் கிளின்டன்–லெவின்ஸ்கி விவகாரம் நியூஸ்வீக் வார இதழின் கையில் இருந்தது. அவர்கள் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். ட்ரட்ஜ் ரிப்போர்ட் என்ற தனிமனிதரின் தளம் அதை வெளியிட்டது. எதை வெளியிடலாம், எதை அமுக்கலாம் என்று ஒரு சில ஆசிரியர்கள் மட்டும் முடிவு செய்த காலம் அன்றைக்கே ஆட்டம் கண்டுவிட்டது.

தென் கொரியாவைப் பாருங்கள். 2000இல் தொடங்கிய ஓமைநியூஸ் என்ற இணையச் செய்தித்தளம், "ஒவ்வொரு குடிமகனும் நிருபரே" என்று சொல்லி 727 குடிமக்கள் நிருபர்களுடன் இறங்கியது. 2002 அதிபர் தேர்தலில் வென்ற ரோ மூ-ஹியூன், பெரிய நாளிதழ்களை எல்லாம் விட்டுவிட்டு அவர்களுக்குத்தான் முதலில் பேட்டி கொடுத்தார். மக்கள் பத்திரிகையை விட்டு ஓடியதற்குக் காரணம் பத்திரிகையேதான்.

பழைய பக்கம்

தம்பி திறந்தவாசல், ஈராக் விஷயத்தில் நீங்கள் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பத்திரிகை சாய்ந்தது அதனால் அல்ல. நம்பிக்கை போயிற்று, வாசகன் போனான் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். பக்கம் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் முதலில் உட்காருவது செய்தி அல்ல. மாலையில் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு தாள் வரும். எந்தப் பக்கத்தில் எத்தனை பத்தி, எத்தனை சென்டிமீட்டர் போய்விட்டது என்று கட்டம் போட்டிருப்பார்கள். அது போக மிஞ்சிய வெள்ளை இடம்தான் எங்களுடையது. கடைசி நேரத்தில் கால் பக்க விளம்பரம் ஒன்று வந்து விழுந்தால், நிருபர் நாள் முழுக்க அலைந்து எழுதியது நான்கு வரியாகச் சுருங்கும். வாய்க்குள் திட்டிக்கொண்டே சுருக்குவோம். ஆனால் அந்த நிருபரின் பஸ் டிக்கெட்டுக்கும் சம்பளத்துக்கும் பணம் வந்தது அந்தக் கட்டத்திலிருந்துதான்.

அதிலும் பெரிய விளம்பரங்களைவிட வரி விளம்பரங்கள்தான் பொன் முட்டை. வீடு வாடகைக்கு, ஆள் தேவை, பழைய கார் விற்பனைக்கு. செலவே இல்லாத பக்கம், எழுதித் தருகிறவரே பணமும் தருவார். 1995இல் சான்பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்பவர் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு பட்டியல் அனுப்பத் தொடங்கினார். அதுதான் பின்னர் கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆனது. பெரும்பாலான விளம்பரங்களுக்கு அங்கே காசே கிடையாது. பிறகு கூகுளும் பேஸ்புக்கும் மிச்சத்தை வழித்துக்கொண்டன.

அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005இல் சுமார் 49 பில்லியன் டாலர். 2020இல் 10 பில்லியனுக்கும் கீழே. 2008இல் அங்கே நாளிதழ்களின் செய்திப் பிரிவுகளில் சுமார் 71 ஆயிரம் பேர் இருந்தார்கள், 2020இல் 31 ஆயிரம் பேர். இணையத்தில் நல்ல செய்தி கிடைத்ததால் பத்திரிகை சாகவில்லை. வாடகை வீடு இணையத்தில் கிடைத்ததால் செத்தது.

ஓரக்கண்

ஆக, இத்தனை காலமும் ஜனநாயகத்தின் நான்காவது தூணைத் தாங்கியது "இரண்டு படுக்கையறை, காற்றோட்டமான வீடு". தலையங்கம் எழுதியவர்களுக்கு யாராவது பக்குவமாகச் சொல்லுங்கள்.

நள்ளிரவு எடிட்டர்

நான் ஒரு யூடியூப் செய்திச் சேனலில் படத்தொகுப்பு செய்கிறேன். பெயர் வேண்டாம், சம்பளம் வர வேண்டும். மைக்கூடு கேட்ட நாற்காலிக்கு எங்களிடமிருந்து யாரும் போவதில்லை. ஏன் என்று எங்கள் வேலை நடக்கும் விதத்தைச் சொன்னாலே புரியும்.

முதலில் முடிவாவது தலைப்பும் தம்ப்நெயில் என்கிற முகப்புப் படமும். வாய் பிளந்த ஒரு முகம், சிவப்பு அம்பு, மஞ்சள் எழுத்து, கடைசியில் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி இருந்தால் யாரும் வழக்குப் போட முடியாது என்பது எங்கள் பொறுப்பாசிரியரின் திடமான நம்பிக்கை. அதன் பிறகுதான் உரை. எழுதுகிறவர் நான்கைந்து நாளிதழ்களின் தளங்களைத் திறந்து வைத்துக்கொள்வார். நிருபர் ஒருவர் எங்கோ வெயிலில் நின்று வாங்கி வந்த தகவல், எங்கள் உரையில் "தகவல்கள் கசிந்துள்ளன" என்று மாறும். எப்படியாவது எட்டு நிமிடத்தைத் தாண்டும்படி இழுப்பார். எட்டு நிமிட வீடியோவாக இருந்தால்தான் நடுவிலும் விளம்பரம் செருக முடியும்.

மறுநாள் ஒரு வரைகோடு பார்ப்போம். பார்வையாளர்கள் எந்த நொடியில் விலகினார்கள் என்று அது காட்டும். மறுதரப்பின் விளக்கம் வந்த இடத்தில் கோடு சரியும். சட்டப்பிரிவு என்ன சொல்கிறது என்று சொன்ன இடத்தில் சரியும். "இது இன்னும் உறுதி செய்யப்படவில்லை" என்ற வாக்கியத்தில் மளமளவென்று சரியும். அடுத்த வீடியோவில் அந்த மாதிரி இடங்களை வெட்டச் சொல்வார்கள். பொய் சொல்லுங்கள் என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. கோடு சரியும் இடத்தை வெட்டு என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் நிருபர் என்ற பதவியே இல்லை.

கணக்குப்பிள்ளை

நள்ளிரவு எடிட்டர் சொன்னது ஒரு சேனலின் கதை மட்டும் அல்ல என்பதற்கு இரண்டு எண்கள்.

2024இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி, 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 37 சதவீதம் பேர் சமூக ஊடகங்களில் செய்தி பேசும் பிரபலங்கள் வழியாக வழக்கமாகச் செய்தி அறிகிறார்கள். அந்தப் பிரபலங்களில் 77 சதவீதம் பேர் எந்தச் செய்தி நிறுவனத்திலும் இல்லை, இருந்ததும் இல்லை. அதே ஆண்டு யுனெஸ்கோ 45 நாடுகளில் இணையத்தில் பதிவிடும் பிரபலங்கள் 500 பேரிடம் கேட்டது. பகிர்வதற்கு முன் தகவலைக் கறாராகச் சரிபார்ப்பதில்லை என்று 62 சதவீதம் பேர் தாங்களாகவே சொன்னார்கள்.

திறந்தவாசல்

இதுதான் அநியாயம் என்கிறேன். பழையதில் ஆகச் சிறந்ததை எடுத்து, புதியதில் ஆக மட்டமானதோடு ஒப்பிடுகிறீர்கள். தம்ப்நெயில் கடைகளை விடுங்கள். பெல்லிங்கேட் என்ற இணையப் புலனாய்வுக் குழுவைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

2014 ஜூலை 17 அன்று எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். பெல்லிங்கேட் தொடங்கி சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தொடங்கிய எலியட் ஹிகின்ஸ் எந்தப் பத்திரிகையிலும் வேலை பார்த்தவர் அல்லர். அவரும் கூட்டாளிகளும் வழியோரத்தில் பொதுமக்கள் எடுத்துப் பதிவிட்ட படங்களையும் வீடியோக்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஒரு படத்தில் தெரியும் கட்டடம் எது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அப்படியானால் மணி என்ன, இந்த வாகனத்தின் பக்கவாட்டில் உள்ள சேதம் அந்தப் படத்திலும் இருக்கிறதா. அந்த பக் ஏவுகணை வண்டி ரஷ்ய ராணுவத்தின் 53ஆவது படைப்பிரிவைச் சேர்ந்தது என்று அவர்கள் நிறுவினார்கள். 2018இல் சர்வதேச விசாரணைக் குழுவும் அதே முடிவுக்கு வந்தது.

பிரான்ஸில் மீடியாபார்ட் என்ற இணையச் செய்தித்தளம். 2008இல் தொடங்கியது, அச்சு கிடையாது, விளம்பரமும் கிடையாது, சந்தா மட்டுமே. 2012 டிசம்பரில் வரவு செலவு அமைச்சர் ஜெரோம் காயுசாக் வெளிநாட்டில் ரகசியக் கணக்கு வைத்திருந்ததாக எழுதினார்கள். அவர் நாடாளுமன்றத்திலேயே மறுத்தார். மற்ற ஊடகங்களில் பலர் மீடியாபார்ட்டைத்தான் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 2013 மார்ச்சில் அமைச்சர் பதவி விலகினார், ஏப்ரலில் உண்மை என்று ஒப்புக்கொண்டார். வரி ஏய்ப்பைப் பிடிப்பது அவருடைய துறையின் வேலை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பக்கம்

இரண்டும் தங்கமான உதாரணங்கள். ஆனால் தம்பி, நீங்களே சொல்லிவிட்டீர்கள். மீடியாபார்ட் சந்தாவில் ஓடுகிறது. பெல்லிங்கேட் நன்கொடையிலும் பயிற்சி வகுப்புகளிலும் ஓடுகிறது. பார்வை எண்ணிக்கையை நம்பியிருந்தால் ஒரு நிழலின் கோணத்தை அளக்க யாரும் வாரக்கணக்கில் உட்காரமாட்டார்கள். பணம் வருகிற வழிதான் ஊடகத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. அச்சா, இணையமா என்பது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. இவையெல்லாம் பெரிய வேட்டைகள். நான் கவலைப்படுவது சின்ன ஊர்களைப் பற்றி. கலிபோர்னியாவில் பெல் என்று ஒரு சிறு நகரம், மக்கள்தொகை 40 ஆயிரம்கூட இல்லை, பெரும்பாலும் ஏழைகள். அதன் நகர நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோ ஆண்டுக்கு ஏறக்குறைய 7 லட்சத்து 87 ஆயிரம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அன்று அமெரிக்க அதிபரின் சம்பளம் 4 லட்சம். இது வெளியே வந்தது 2010இல். லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் இருவர், பக்கத்து நகரமான மேவுட் பற்றி விசாரிக்கப் போன இடத்தில் நூல் பிடித்து பெல்லுக்கு வந்து சேர்ந்தார்கள். அதாவது தற்செயல். அதுவரை அந்த மன்றக் கூட்டங்களில் தொடர்ந்து உட்கார ஆள் இல்லை. ரிஸ்ஸோவுக்குப் பின்னால் 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது, பத்திரிகைக்கு 2011இல் புலிட்சர் என்ற இதழியல் பரிசு கிடைத்தது. எனக்கு இதில் புலிட்சரைவிடப் பெரிதாகத் தெரிவது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கற்றுக்குட்டி நிருபர் போய்க் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே இவ்வளவு தூரம் துணிந்திருப்பார்களா என்பதுதான்.

கணக்குப்பிள்ளை

கொட்டாவிக்குக் கணக்கு இருக்கிறது ஐயா. அமெரிக்காவில் நிதித்துறைப் பேராசிரியர்கள் மூவர், உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட இடங்களில் நகராட்சிகளும் மாவட்ட நிர்வாகங்களும் கடன் பத்திரம் வெளியிடும்போது கொடுக்கும் வட்டியை ஆராய்ந்தார்கள். நாளிதழ் மூடியபின் நீண்டகால நோக்கில் வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை கூடுகிறது. பார்க்கச் சின்னத் தொகை. கோடிக்கணக்கில் கடன் வாங்கும்போது அது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கண்காணிக்க ஆள் இல்லை என்றால் கடன் கொடுப்பவன் கூடுதல் வட்டி கேட்கிறான். செய்தித்தாளுக்குக் கொடுக்காத சந்தாவை மக்கள் வரியாகக் கட்டுகிறார்கள்.

ஓரக்கண்

> ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கற்றுக்குட்டி நிருபர் போய்…

போனார், சரி. எழுதினார், சரி. வெளிவந்ததா? நகராட்சி விளம்பரம் கொடுக்கிற பத்திரிகையில் நகராட்சியின் ஊழல் எந்தப் பக்கத்தில் வரும் என்று பழைய பக்கம் ஐயாவுக்குத் தெரியாதா? பெரிய கட்டுமான நிறுவனம் முழுப் பக்க விளம்பரம் தந்த வாரத்தில், அவர்கள் கட்டிய சுவர் இடிந்தால் செய்தியில் "ஒரு தனியார் நிறுவனம்" என்று வரும். அதே சுவர் தெருவோரக் கடைக்காரருடையது என்றால் பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாம் வரும். யூடியூப்காரன் பார்வைக்கு அடிமை என்றால் நீங்கள் கட்டம் போட்ட தாளுக்கு அடிமை. பத்திரிகை முதலாளிக்கு வேறு தொழில்களும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பழைய பக்கம்

தெரியும். "ஒரு தனியார் நிறுவனம்" என்று மாற்றி எழுதிய கை இது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே செய்தி வெளிவராமல் போனாலும், அது நடந்தது என்று தெரிந்த ஒரு ஆள் இருந்தார். அவருடைய குறிப்பேட்டில் தேதியும் பெயரும் இருந்தன. முதலாளிக்கு வேண்டாத செய்தி போட்டிப் பத்திரிகைக்குப் போய்ச் சேர்வது எங்கள் தொழிலில் பழைய பழக்கம், யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆளே போகாத இடத்தில் அமுக்குவதற்குக்கூட ஒன்றும் இல்லை.

அப்புறம், திருத்தம். அச்சில் தவறு வந்தால் மறுநாள் "வருந்துகிறோம்" என்று போட்டே ஆக வேண்டும். சின்ன எழுத்தில், ஏழாம் பக்கத்தில் போடுவோம், மானம் போகும், ஆனாலும் போடுவோம். பல நாடுகளில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் ஒவ்வொரு இதழிலும் இருக்க வேண்டும். யார்மேல் வழக்குப் போடுவது என்பதில் சந்தேகமே வராது. முகம் தெரியாத சேனல் வீடியோவை நீக்கிவிட்டுப் போய்விடுகிறது, அதற்குள் அது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியிருக்கும்.

நள்ளிரவு எடிட்டர்

கொண்டாடுகிற கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. புதிய ஊடகம் ஏதோ சொந்த வீட்டில் குடியிருப்பதாக நினைக்கிறார்கள். வாடகை வீடு அது, ஒப்பந்தம்கூடக் கிடையாது.

2015, 2016 வாக்கில் பேஸ்புக் வீடியோவுக்குத்தான் எதிர்காலம் என்று சொன்னதை நம்பி, பல இணையச் செய்தி நிறுவனங்கள் எழுதுகிறவர்களை அனுப்பிவிட்டு வீடியோ ஆட்களை எடுத்தன. 2016 செப்டம்பரில், சராசரி பார்வை நேரத்தைத் தவறாகக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று பேஸ்புக்கே சொன்னது. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையாம். மைக் என்ற தளம் அப்படி வீடியோவுக்கு மாறியது, 2018 நவம்பரில் ஏறக்குறைய எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. பஸ்ஃபீட் நியூஸ் 2021இல் புலிட்சர் வாங்கியது, 2023இல் மூடப்பட்டது.

கனடாவில் இணைய நிறுவனங்கள் செய்திக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று 2023இல் சட்டம் வந்ததும், பேஸ்புக்கை நடத்தும் மெட்டா அந்த ஆகஸ்டு முதல் அங்கே செய்திகளையே தடுத்துவிட்டது. அதே மாதம் காட்டுத்தீயால் யெல்லோநைஃப் நகரமே காலி செய்யப்பட்டது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற செய்தியின் இணைப்பைக்கூட மக்களால் பேஸ்புக்கில் பகிர முடியவில்லை. இந்தக் கூரையின் கீழ்தான் எல்லோரும் பாய் விரித்திருக்கிறோம்.

திறந்தவாசல்

சரி, அப்படியானால் வழி என்ன? எல்லோரும் சந்தா என்கிறார்கள். சந்தா வைத்தால் நல்ல செய்தி பூட்டுக்குள் போகிறது, பொய் மட்டும் இலவசமாகத் திரிகிறது. பணம் இல்லாதவன் தம்ப்நெயிலைத்தான் பார்க்க வேண்டும். இதுதான் தீர்வா?

மைக்கூடு

பூட்டாமலும் நடத்துகிறார்கள். பிரிட்டனின் கார்டியன் தளத்தில் செய்திக்குப் பூட்டு இல்லை, முடிந்தவர்கள் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் 1936இல் தொடங்கிய ஸ்காட் அறக்கட்டளை இருக்கிறது. அப்படி ஒரு தாத்தா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கனடாவின் மான்ட்ரியல் நகர நாளிதழான லா பிரெஸ் 2017 இறுதியோடு அச்சையே விட்டுவிட்டு, 2018இல் லாப நோக்கமற்ற அமைப்பாக மாறியது. தளம் இலவசம். நார்வே 1969இலிருந்து பத்திரிகைகளுக்கு அரசு மானியம் தருகிறது, அதில் முக்கியமாகப் பயன்பெறுபவை சிறிய ஊர்ப் பத்திரிகைகளும் போட்டியில் இரண்டாமிடத்தில் இருப்பவையும்.

ஓரக்கண்

அரசு மானியமா? நார்வேயில் நடக்கும். மற்ற இடங்களில் மானியம் வாங்கிய பத்திரிகை எப்படி எழுதும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கட்டம் போட்ட தாளே மேல்.

முதல்வரி

இங்கே புதியவன். கொஞ்ச நாளாக எங்கள் நகர்மன்றக் கூட்டத்துக்குப் போய் கைப்பேசியில் நேரலை செய்கிறேன். சேனல் என்று சொல்ல முடியாது, பார்க்கிறவர்கள் சொற்பம். மைக்கூடு சொன்ன அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதைக்குக் கேட்கவும் இல்லை. என் கேள்வி வேறு. மூன்று மணி நேரம் ஓடுகிற கூட்டத்தில் எதைக் கவனிப்பது?

பழைய பக்கம்

வாருங்கள் தம்பி. நேரலை மட்டும் போதாது, மூன்று மணி நேரத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். மன்றத்தில் சத்தம் போடுகிற விஷயத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கடைசியில் எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில், "இதர பொருள்கள்" என்று வேகமாக வாசித்து ஒப்புதல் வாங்குவார்கள் பாருங்கள், பேனாவை அப்போது திறங்கள். ஒப்பந்தம் யாருக்குப் போனது, போன முறை யாருக்குப் போனது, தொகை எவ்வளவு கூடியது. இந்த மூன்றையும் ஒரே குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். பெயரைத் தப்பில்லாமல் எழுதுங்கள், இனிஷியல் உட்பட. எழுதுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு அவர் பதிலைக் கேளுங்கள், பதில் சொல்லவில்லை என்றால் எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

நள்ளிரவு எடிட்டர்

முதல்வரி, பதிவை அனுப்புங்கள். வேலை முடிந்த பிறகு ஆறு நிமிடத்துக்கு வெட்டித் தருகிறேன். மறுதரப்பின் பதிலை வெட்டமாட்டேன்.

ஓரக்கண்

ஆறு நிமிடம் என்றால் நடுவில் விளம்பரம் வராதே.

நள்ளிரவு எடிட்டர்

வராது.